வயசாயிடுச்சு, மண்டையில நிக்காது!

வெள்ளிக்கிழமை காலையில் ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தைப் பக்கம் போனால் இப்படி ஒருவரைக் கட்டாயம் பார்க்கலாம். அறுபத்தைந்து, எழுபது வயது இருக்கும். தோளில் துண்டு. தொழில், தரகு. ஜவ்வாது மலைப் பக்கமிருந்து வந்த கிடா எவ்வளவுக்குப் போனது, போன வாரம் அதே மாதிரி உருப்படி எவ்வளவுக்குப் பேசி எவ்வளவுக்கு முடிந்தது, எந்த ஆட்டுக்கு ரெண்டு பல், எதுக்கு நாலு பல், யார் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு மீதியை இழுத்தடிக்கிறார்... எல்லாம் வாயிலேயே இருக்கும். கையில் நோட்டும் கிடையாது, கால்குலேட்டரும் கிடையாது.

அதே மனிதரை மத்தியானம் ஏ.டி.எம். வாசலில் பார்க்கலாம். வரிசையில் நிற்கும், முன்பின் தெரியாத ஒரு பையனிடம் கார்டை நீட்டுவார். ரகசிய எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி கார்டோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டிருப்பார். "வயசாயிடுச்சு நைனா, இதெல்லாம் மண்டையில நிக்காது. நீயே எடுத்துக் குடு."

நாற்பது ஆட்டின் விலை நிற்கிற மண்டையில் நாலு எண் மட்டும் ஏன் நிற்கவில்லை?

இதை யாரும் கேட்பதில்லை. கார்டை நீட்டியவரும் கேட்பதில்லை, வாங்கிய பையனும் கேட்பதில்லை. வயசானால் அப்படித்தான் என்று எல்லாரும் முன்கூட்டியே ஒத்துக்கொண்டாயிற்று. இப்படி ஒத்துக்கொண்டதுதான் பெரிய தப்பு. மறதியில் ஒரு பங்கை வயது கொண்டுவருகிறது, உண்மை. இன்னொரு பங்கை "வயசாயிடுச்சு" என்ற நம்பிக்கை கொண்டுவருகிறது. முதல் பங்கை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவது பங்கை நிச்சயம் குறைக்கலாம்.

இது சும்மா வீட்டுத் திண்ணைப் பேச்சு இல்லை, பணம் சம்பந்தப்பட்ட விஷயம். நூறு நாள் வேலைக் கூலி, முதியோர் உதவித்தொகை, 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை என்று கிராமத்துக்கு வந்த பணம் கையிலிருந்து கணக்குக்கு மாறிவிட்டது. எண்ணை நினைவில் வைக்க முடியாது என்று நம்புகிறவர் தன் பணத்துக்குத் தானே சாவி இல்லாதவர் ஆகிவிடுகிறார். உதவி செய்வது போல நடித்து, கார்டை மாற்றிக் கொடுத்துப் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிற மோசடி பற்றி பேப்பரில் எத்தனை முறை படித்திருப்போம்? ஏமாந்தவர்களின் வயதைக் கவனித்திருக்கிறீர்களா?

எது குறைகிறது, எது குறைவதில்லை?

வயதானால் நினைவு குறையவே குறையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குறைகிறது. மூளை ஒரு செய்தியை வாங்கிக் கையாளும் வேகம் முதுமைக்கு ரொம்ப முன்பே மெல்ல மெல்ல இறங்க ஆரம்பித்துவிடுகிறது. புதுமுகத்தோடு புதுப்பெயரைச் சேர்த்து வைப்பது, எந்தக் குறிப்பும் இல்லாமல் ஒரு பட்டியலை மனதிலிருந்து திருப்பிச் சொல்வது, இதெல்லாம் வயது ஏற ஏறச் சிரமமாகிறது.

ஆனால் எல்லாம் ஒரே மாதிரி குறைவதில்லை. சொல்வளம் நடுவயது தாண்டியும் வளர்கிறது. தொழில் அறிவும் உலக அனுபவமும் அப்படித்தான். ஒன்றைப் பார்த்ததும் "ஆமாம், இது ஏற்கெனவே பார்த்ததுதான்" என்று அடையாளம் கண்டுகொள்ளும் திறனில் பெரிய சரிவு இல்லை. தோல் தொழிற்சாலையில் முப்பது வருஷம் இருந்தவர் தோலை ஒரு தடவு தடவிப் பார்த்தே ரகம் சொல்லிவிடுகிறார் என்றால் அந்த அறிவும் நினைவுதான்.

2005-ல் ஆலன் காஸ்டல் என்ற உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். இளைஞர்களுக்கும் முதியவர்களுக்கும் மளிகைப் பொருட்களைக் காட்டி விலையைச் சொன்னார்கள். சிலவற்றுக்குக் கடையில் இருக்கும் உண்மையான விலை. சிலவற்றுக்கு வாய்க்கு வந்த, நம்பவே முடியாத விலை. பிறகு நினைவிலிருந்து கேட்டார்கள். வாய்க்கு வந்த விலைகளில் முதியவர்கள் பின்தங்கினார்கள். கடை விலைகளிலோ இளைஞர்களுக்குச் சமமாகச் சொன்னார்கள்.

ஒடுகத்தூர் தரகரின் ரகசியம் இங்கே உடைகிறது, பாருங்கள். அவர் மனதில் ஐம்பது வருஷமாக ஆணிகள் அடிக்கப்பட்டிருக்கின்றன. புது ஆட்டு விலை வந்தால் அதை மாட்ட இடம் தயாராக இருக்கிறது. ரகசிய எண்ணுக்கு அப்படி ஓர் ஆணி கிடையாது. அது வாய்க்கு வந்த விலை மாதிரி, எதோடும் ஒட்டாத எண்.

சரி, ஆணி இல்லையென்றால் புதிதாக ஒன்று அடித்தால் என்ன? அதைத்தான் உளவியலில் கற்றல் உத்தி என்கிறார்கள். உதாரணத்துக்கு 4785 என்று ஓர் எண் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நாலு, ஏழு, எட்டு, அஞ்சு என்று நான்கு துண்டாக வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். "நாற்பத்தேழில் சுதந்திரம், எண்பத்தஞ்சில் பெரிய பொண்ணு பிறந்தா" என்று இரண்டாக்கினால் கதை மாதிரி உட்கார்ந்துவிடும். கல்லூரிப் பையன்கள் இதைத் தங்களுக்கே தெரியாமல் செய்கிறார்கள். தரகரும் செய்யக்கூடியவர்தான். அவர் முயற்சிப்பதில்லை. காரணம், முயற்சித்தாலும் நிற்காது என்று அவருக்கு முடிவாகத் தெரியும்!

நம்பிக்கை எப்படி மறதியாகிறது?

2003-ல் தாமஸ் ஹெஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வு இந்த இடத்தில் முக்கியமானது. முதியவர்களில் ஒரு குழுவுக்கு, வயதானால் நினைவு மோசமாகும் என்கிற மாதிரியான கட்டுரைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு முதுமையிலும் நினைவு நன்றாக இருக்கலாம் என்கிற மாதிரி. அதன்பின் ஒரு சொற்பட்டியலைக் கொடுத்து நினைவு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கெட்ட செய்தியைப் படித்தவர்கள் குறைவாக நினைவு வைத்தார்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது வேறு. அவர்கள் சொற்களை இனம் பிரித்து, பழம் ஒரு பக்கம், பாத்திரம் ஒரு பக்கம் என்று சேர்த்து வைக்கும் உத்தியையும் குறைவாகவே பயன்படுத்தினார்கள்.

அதாவது நம்பிக்கை மந்திரம் போட்டு நினைவை அழிக்கவில்லை. அது முயற்சியைப் பறித்துக்கொண்டது. முயற்சி இல்லாததால் நினைவு போயிற்று. நினைவு போனதும் "பார்த்தியா, சொன்னேன் இல்ல?" என்று நம்பிக்கை இன்னும் கெட்டியாகிவிட்டது. செக்கு மாடு மாதிரி அதே வட்டம்.

மார்கி லாக்மன், கேரி ஆண்ட்ரியோலெட்டி இருவரும் 2006-ல் இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டினார்கள். தன் நினைவு ஓரளவு தன் கையில்தான் இருக்கிறது என்று நினைக்கும் நடுவயதினரும் முதியவர்களும் இனம் பிரிக்கும் உத்தியை அதிகம் கையாண்டார்கள், அதனால் அதிகம் நினைவு வைத்தார்கள். இளைஞர்களிடம் இந்தத் தொடர்பு தென்படவில்லை. ஆக, தன்னைப் பற்றிய நம்பிக்கை வயது ஏறும்போதுதான் கனமாகிறது.

இன்னும் சுவாரசியமானது டெய்னா டூரான், கிறிஸ்டோபர் ஹெர்ட்சாக் ஆகியோரின் ஆய்வு. திரையில் சொற்களின் ஜோடிப் பட்டியல் ஒன்று இருக்கும். கேட்கிற ஜோடி பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் செய்தால் ஜோடிகள் மனப்பாடமாகிவிடும், பட்டியலைப் பார்க்கத் தேவையே இல்லை. இளைஞர்கள் சீக்கிரமே பார்ப்பதை விட்டார்கள். முதியவர்களோ மனதில் பதிந்த பிறகும் பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தெரிந்த விஷயத்தையே தெரியும் என்று நம்பத் துணிவில்லை. 2007-ல் வெளிவந்த அடுத்த ஆய்வில், நினைவிலிருந்து சொன்னால் காசு என்று ஊக்கத்தொகை வைத்துப் பார்த்தார்கள். பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு நினைவை நம்ப ஆரம்பித்தார்கள்! சரக்கு கடையில் இருந்தது, எடுத்துக் காட்டத்தான் தயக்கம்.

நம் வீடுகளில் இது தினமும் நடக்கிறது. பெண்ணின் போன் நம்பர் பாட்டிக்குத் தெரியும். இருந்தாலும் "கண்ணு, அந்த நம்பரைப் போட்டுக் குடு" என்பாள். பேரன் போட்டுக் கொடுப்பான். அன்பாகத்தான் செய்கிறான். ஆனால் ஒவ்வொரு முறையும் பாட்டி தன் நினைவைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு ஒன்று குறைகிறது.

அவசரப்பட வேண்டாம்

இதைப் படித்துவிட்டு "நம்பினால் போதும், எல்லாம் நினைவில் நிற்கும்" என்று தன்னம்பிக்கைப் புத்தகம் மாதிரி பேச ஆரம்பிப்பதும் தப்பு.

தன் நினைவாற்றல் மீதுள்ள நம்பிக்கைக்கும் உண்மையான நினைவாற்றலுக்கும் எவ்வளவு தொடர்பு என்று பல ஆய்வுகளைத் திரட்டி 2011-ல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. ஒட்டுறவுக் கெழு சுமார் 0.15 என்றது. பி.காம். புள்ளியியல் தாளில் ஒட்டுறவுக் கணக்கு போட்டவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். தொடர்பு இருக்கிறது, ஆனால் சின்னது. அது மட்டுமில்லை. ஒட்டுறவு இருப்பதாலேயே எது காரணம், எது விளைவு என்று சொல்லிவிட முடியாது. நினைவு குறைந்ததால் நம்பிக்கை குறைந்தவர்களும் இருப்பார்கள்தானே?

பயிற்சிக்கும் எல்லை உண்டு. அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட 2,832 பேரைக் கொண்டு 'ஆக்டிவ்' என்ற பெரிய ஆய்வு நடந்தது. 2002-ல் முதல் முடிவுகள் வந்தன. அதில் ஒரு பிரிவினருக்குப் பத்து வகுப்புகளில் நினைவு உத்திகள் கற்றுக்கொடுத்தார்கள். பலன் இருந்தது, ஐந்து வருஷம் வரை தெரிந்தது. பத்து வருஷம் கழித்துப் பார்த்தபோது நினைவுப் பயிற்சியின் பலன் நிலைக்கவில்லை. பயிற்சி எடுத்த விஷயத்தில்தான் முன்னேற்றம், மற்ற எல்லாவற்றுக்கும் அது பரவிவிடவில்லை.

அப்படியென்றால் இவ்வளவு பேச்சு எதற்கு? ஒரு சாதாரண மனிதருக்குத் தேவையானதும் எல்லாவற்றையும் நினைவு வைக்கும் சக்தி இல்லையே. நாலு இலக்க எண், தன் கையெழுத்து, இரண்டு போன் நம்பர், மாத்திரை சாப்பிடும் வேளை. இந்த நாலைந்து விஷயத்துக்குப் பயிற்சி நிச்சயம் போதும்.

அரசாங்கமும் நம்பியது

இந்த நம்பிக்கை வீட்டோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. கொள்கையிலும் ஏறி உட்கார்ந்தது. 1988-ல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பட்டபோது அதன் இலக்கு 15 முதல் 35 வயதுக்குட்பட்டவர்கள். அறிவொளி இயக்கம் தமிழ்நாட்டில் பெரிய அலையாக எழுந்தது அந்தக் காலத்தில்தான். உழைக்கும் வயதினருக்கு முதலில் சொல்லிக்கொடுப்போம் என்பதில் ஒரு பொருளாதார நியாயம் உண்டு, மறுக்க முடியாது. ஆனால் அன்றைக்கு 36 வயதாயிருந்த ஒரு பெண் என்ன பாவம் செய்தாள்? அவள் இன்று எழுபதைத் தாண்டியிருப்பாள். கைநாட்டு வைத்துக்கொண்டே இத்தனை காலத்தை ஓட்டியிருப்பாள். 2009-ல் வந்த சாக்ஷர் பாரத் திட்டமும், 2022-ல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் 15 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் என்று மாறின. நல்ல மாற்றம்தான். ஆனால் இடையில் இருபது வருஷம் போய்விட்டது.

பக்கத்து மாநிலமான கேரளத்தைப் பாருங்கள். ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா 2018-ல், தன் 96-வது வயதில், எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 மதிப்பெண் வாங்கினார். 2020-ல் குடியரசுத் தலைவரிடம் நாரி சக்தி விருது பெற்றார். 2023-ல் 101 வயதில் காலமானார். கொல்லத்தைச் சேர்ந்த பாகீரதி அம்மா 2019-ல், 105 வயதில், நான்காம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதி 275-க்கு 205 எடுத்துத் தேறினார். சின்ன வயதிலேயே குடும்பச் சூழலால் பள்ளியை விட்டவர்.

இவர்களைப் பற்றி வந்த செய்திகளில் எல்லாம் "அதிசயப் பாட்டி", "சாதனைப் பாட்டி" என்று தலைப்புப் போட்டார்கள். பாராட்டத்தான் செய்தார்கள். ஆனால் அதிசயம் என்று சொன்ன உடனேயே "இது எல்லாருக்கும் வராது" என்றும் சொன்னதாகிவிடுகிறது அல்லவா? 96 வயதில் ஒருவரால் முடிந்தது என்றால் 56 வயதில் ஒடுகத்தூர் பெண்ணுக்கு ஏன் முடியாது என்று கேட்பதுதான் அந்தச் செய்தியைச் சரியாகப் படிப்பது.

ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனிகளையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்கள் பெண்கள் அங்கே சம்பாதிக்கும் கூலியில்தான் நடக்கின்றன. புது மெஷின் ஒன்று வந்தால் யாருக்கு முதலில் கற்றுக்கொடுப்பது? "சின்னப் பொண்ணு சட்டுனு புடிச்சிக்கும்" என்று மேற்பார்வையாளர் நினைப்பதற்கு முன்பே, நாற்பத்தைந்து வயதுப் பெண் தானாக ஓர் அடி பின்னால் போய்விட்டால் அங்கே யாரும் யாரையும் தடுத்ததாகவே தெரியாது. கூலி உயர்வு மட்டும் கை நழுவிப் போகும்.

நோயும் மறைந்துபோகிறது

இந்த நம்பிக்கைக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. அது இதைவிட ஆபத்தானது.

வளரும் நாடுகளில் முதியோர் மறதி நோயை, அதாவது டிமென்ஷியாவை ஆராய்வதற்காக 10/66 என்ற பெயரில் ஒரு பன்னாட்டு ஆய்வுக் குழு இயங்கியது. பெயரே ஒரு கணக்கு. டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள், ஆனால் ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றி இல்லை என்பதைச் சுட்டும் பெயர். அதன் இந்தியக் கிராமப்புற ஆய்வு நடந்தது வேறெங்கோ இல்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் வேலூரை ஒட்டிய கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் நடத்தினார்கள். ஒடுகத்தூர்க்காரர்களுக்குப் பக்கத்து வீடு மாதிரி.

2008-ல் வெளியான முடிவுகள் திகைக்க வைத்தன. அமெரிக்க மனநல மருத்துவ அளவுகோலின்படி பார்த்தால் இங்கே 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட டிமென்ஷியா இல்லை. 10/66 குழு இந்த மாதிரி ஊர்களுக்கென்று உருவாக்கிய அளவுகோலில் பார்த்தால் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேருக்கு இருந்தது! ஒரே மக்கள், ஒரே கிராமங்கள். ஏன் இவ்வளவு வித்தியாசம்?

ஆய்வாளர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று நம் விஷயத்துக்கு நேராக வருகிறது. நோய் என்று சொல்ல வேண்டுமானால் "முன்பு மாதிரி இல்லை, அன்றாட வேலைகள் கெட்டுப் போகின்றன" என்று குடும்பத்தார் சொல்ல வேண்டும். இங்கே குடும்பத்தார் அப்படிச் சொல்வது குறைவு. பெரியவர்களிடம் யாரும் கணக்கு கேட்பதில்லை, பொறுப்பு தருவதில்லை. சோறு போட்டு உட்கார வைத்துவிடுகிறார்கள். அவர் தடுமாறினால் "வயசாயிடுச்சு, சின்னப் புள்ள மாதிரி ஆயிட்டாரு" என்பதோடு முடிந்தது. எதிர்பார்ப்பே இல்லாத இடத்தில் குறை எப்படித் தெரியும்?

ஆக, ஒரே நம்பிக்கை இரண்டு பேரைக் கெடுக்கிறது. நன்றாக இருப்பவரிடம் "உனக்கு இனி வராது" என்கிறது. நோய் வந்தவரிடம் "உனக்கு ஒன்றுமில்லை, இது வயசு" என்கிறது. முதல்வர் கற்றுக்கொள்ளாமல் போகிறார். இரண்டாமவர் மருத்துவமனைக்குப் போகாமல் போகிறார். தைராய்டு குறைபாடு, பி-12 வைட்டமின் குறைபாடு, மன அழுத்தம் இவற்றால் வருகிற மறதியைச் சிகிச்சையால் சரிசெய்ய வாய்ப்பு உண்டு என்பது அவருக்கும் தெரியாது, வீட்டுக்கும் தெரியாது. பெயர் எப்போதாவது மறந்துபோவது வேறு. தினமும் போகிற வழி மறப்பது, அடுப்பில் வைத்ததையே மறப்பது, கேட்டதையே மறுபடி மறுபடி கேட்பது வேறு. இரண்டாவதற்கு டாக்டரைப் பார்க்க வேண்டும், வேலூர் பஸ் ஏறினால் போதும்.

இளசுகள் மட்டும் ஒழுங்கா?

இளைஞர்கள் சிரிக்க வேண்டாம். கற்பதைப் பற்றிய தப்பான நம்பிக்கை அவர்களிடமும் நிறைய இருக்கிறது. பரீட்சைக்கு முந்தின நாள் அதே பக்கத்தை ஏழெட்டு முறை வாசித்தால் மனதில் பதிந்துவிடும் என்பது அதில் முதலாவது.

ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் இருவரும் 2006-ல் இதைச் சோதித்தார்கள். மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பகுதியை இரண்டு முறை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு முறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்! படித்து மட்டும் பார்த்தவர்கள் 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதம்.

நம் பழைய திண்ணைப் பள்ளிக்கூடம் இதற்கு நெருக்கமாக இருந்தது. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று ஒருவர் சொல்ல மற்றவர்கள் வாய்விட்டுத் திருப்பிச் சொல்வார்கள், மணலில் எழுதிக் காட்டுவார்கள். முந்திரி என்ற 320-ல் ஒரு பங்கு வரை பின்னக் கணக்கு மனதிலேயே ஓடியது. ஆய்வாளர் து. செந்தில்பாபு இந்த மனக்கணக்கு மரபை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அங்கே நினைவு என்பது பிறவியிலேயே வந்த வரம் என்று கருதி யாரும் சும்மா இருக்கவில்லை. தினமும் பழகிப் பெற வேண்டிய தொழில்திறமையாக அதை வைத்திருந்தார்கள். அந்த முறைக்கு அதன் கொடுமைகளும் உண்டு, பிரம்பும் உண்டு, எல்லாச் சாதிக் குழந்தைக்கும் அங்கே இடமும் இல்லை. அதையெல்லாம் திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை. பழகினால்தான் நிற்கும் என்ற அந்த ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்ற பழமொழியை எல்லாரும் இந்த இடத்தில் இழுப்பார்கள். அது நல்ல பழக்கவழக்கத்தைச் சின்ன வயதிலேயே கற்றுக்கொடு என்று பெற்றோருக்குச் சொன்னது. ஐம்பது வயதுக்காரர் கற்றுக்கொள்ளாமல் இருக்க அதை அத்தாட்சியாகக் காட்டுவது நியாயமே இல்லை.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். வங்கியில் கார்டு கொடுக்கும்போது ஐந்து நிமிஷம் ஒதுக்கி, எண்ணை இரண்டாகப் பிரித்துத் தெரிந்த விஷயத்தோடு கோத்து வைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கலாம். சொந்தப் பிறந்த வருஷத்தை மட்டும் வைக்காதீர்கள் என்றும் சேர்த்துச் சொல்லலாம். எழுத்தறிவு வகுப்பில் "இப்போ உங்க ஞாபக சக்தியைச் சோதிக்கப் போறோம்" என்று ஆரம்பிக்காமல் இருக்கலாம். 2001-ல் வந்த ஓர் ஆய்வில், நினைவுத் தேர்வு என்று அழுத்திச் சொன்னபோது முதியவர்கள் பின்தங்கினார்கள். அந்தப் பேச்சை எடுக்காமல் அதே தேர்வைக் கொடுத்தபோது இளைஞர்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது இன்னும் சுலபம். பாட்டி நம்பரைப் போட்டுத் தரச் சொன்னால், "முதல் அஞ்சு நம்பர் நீங்க சொல்லுங்க பாட்டி, மீதியை நான் சொல்றேன்" என்று பேரன் சொல்லலாம். தப்பாகச் சொன்னால் சிரிக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இன்றைக்கு ஒரு தடவை, ரெண்டு நாள் கழித்து ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை. இடைவெளி விட்டுக் கேட்பதுதான் நல்லது.

வெள்ளிக்கிழமை சந்தையில் அந்தத் தரகரிடம் யாரும் போய் "உங்களுக்கு வயசாயிடுச்சு, விலை ஞாபகம் இருக்காது, விடுங்க" என்று சொல்வதில்லை. சொன்னால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சண்டைக்கு வருவார். ஏ.டி.எம். வாசலில் மட்டும் அவரே அதைத் தன்னிடம் சொல்லிக்கொள்கிறார். சந்தையில் வருகிற அந்தக் கோபம் அங்கேயும் கொஞ்சம் வந்தால் நன்றாயிருக்கும்.